ஜோனஸின் வண்டிக்குப் பின்னால்

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். என் மனைவி மல்லிகா உறை ஊற்றியிருந்த தயிரைத் திறந்து பார்த்தேன். குளிர் தொடங்கிவிட்டால் இங்கே தயிர் உறைவதே ஒரு செய்தி. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சீஸ் தொழிற்சாலைக்குக் கிளம்பினேன். அங்கே பாலின் தரம் பார்ப்பது என் வேலை. போகும் வழியில் ஒரு குதிரை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் மூன்று கார்கள், பின்னால் ஒரு டேங்கர். மேடு முடியும்வரை எல்லோரும் குதிரையின் வேகத்திலேயே போனோம். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எடப்பாடியிலிருந்து அமெரிக்காவின் ஒஹாயோவுக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் அந்த அமைதி எனக்குப் பழகவில்லை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் மைத்துனர் அந்த வரிசையில் நின்றிருந்தால், அவர் அடிக்கும் ஹாரனில் குதிரை வயலுக்குள் பாய்ந்திருக்கும்.

வண்டிக்காரர்கள் ஆமிஷ் மக்கள். காரும் மின்சாரமும் வேண்டாம் என்று தங்கள் மதத்தின் பேரில் ஒதுங்கி வாழும் கிறிஸ்தவர்கள். இருட்டில் வண்டிகள்மீது கார்கள் மோதிச் சாவுகள் நடக்கவே, வண்டியின் பின்பக்க உச்சியில் விட்டுவிட்டு எரியும் மஞ்சள் விளக்கு இருந்தாக வேண்டும் என்று இங்கே சட்டம் வந்தது. பெரும்பாலான ஆமிஷ் மக்கள் பொருத்திக்கொண்டார்கள். எங்களுக்கு முட்டை கொண்டுவரும் ஜோனஸின் சபை மட்டும் மறுத்துவிட்டது. மண்ணெண்ணெய் லாந்தர் ஒன்றும், ஓரத்தில் ஒட்டிய மங்கலான சாம்பல் நிறப் பட்டையும்தான் அந்தச் சபையில் அனுமதி. ஜோனஸுக்கு அபராதம் விதித்தார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று அவர் கட்டவில்லை. புதன்கிழமை காலை அவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் சிறை.

செவ்வாய் மாலை ஜோனஸ் முட்டையோடு வந்தார். வண்டியில் அவருடைய நான்கு வயது மகள் லிடியா உட்கார்ந்திருந்தாள். நான் அவரை அடுக்களைப் பக்கம் அழைத்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மல்லிகா வாசலுக்குப் போய் வண்டியின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமான ஒளிரும் பட்டையை இரண்டு முழம் ஒட்டிவிட்டாள். லாரிகளின் பின்னால் ஒட்டுகிற பட்டைதான். எங்கள் தபால் பெட்டி இருட்டில் தெரிவதற்காக ஊருக்குப் போனபோது மைத்துனரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம்.

வெளியே வந்து பார்த்ததுமே, அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் தை மாதம் காவடி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடந்து போவார்கள். ஒரு வருடம் நானும் நடந்தேன். இருட்டிய பிறகு ஒரு முக்கில் போலீஸ்காரர்கள் எங்களை நிறுத்தி, யாரையும் கேட்காமல் எல்லோர் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் தங்கை செல்வி திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். "ஒட்டுங்க சாமி. முன்னால முருகன் பாத்துக்குவான், பின்னால நீங்க பாத்துக்குங்க" என்றாள். போலீஸ்காரரே சிரித்துவிட்டார். எங்கள் பக்தியில் ஸ்டிக்கருக்கும் இடம் இருந்தது. அதனால் ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று மல்லிகாவுக்குத் தோன்றவே இல்லை.

ஜோனஸ் வண்டியைச் சுற்றி வந்தவர் நின்றார். கோபப்படவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் நிதானமாக உரித்து, சுருட்டி மல்லிகாவின் கையில் கொடுத்தார். "இது உங்களுடையது" என்றார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்காகவாச்சும் ஒட்டிக்கச் சொல்லுங்க" என்று மல்லிகா என்னிடம் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்றைக்கு இந்தப் பளபளக்கும் பட்டை. நாளைக்கு விளக்கு. அதற்கு ஒரு பேட்டரி. பேட்டரி வந்த பிறகு வீட்டுக்குள் எதைத்தான் வேண்டாம் என்பது? நாங்கள் முதல் படியிலேயே நின்றுகொள்கிறோம். இவளுக்காகவும்தான்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஆனாலும் பிடித்துப்போனது. எதையும் வாங்கி வீட்டில் வைத்தபிறகே அது தேவையா என்று யோசிக்கிற நான், வாங்குவதற்கு முன்பே யோசித்து முடித்துவிட்ட ஒருவர் முன்னால் நின்றிருந்தேன். சட்டத்தின் மேலும் எனக்குக் கோபமில்லை. அதுவும் லிடியாவை நினைத்துத்தான் எழுதப்பட்டது.

"நாளைக்கு நீதிமன்றத்துக்கு என் காரில் வாருங்கள். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும், பனிமூட்டம் வேறு" என்றேன்.

"அவசரத்துக்கு மட்டும்தான் நாங்கள் காரில் ஏறுவோம். இது அவசரம் இல்லையே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வெளிச்சம் மறைவதற்குள் வீடு போய்விடும் தூரம்தான்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மல்லிகா இடுப்பில் கை வைத்தாள். "செயிலுக்குப் போறது அவசரமில்லீங்களாமா? நல்ல மனுசன் போங்க!" சாப்பிடும்போது வேறு ஒன்று சொன்னாள். "அவரு வண்டியில வெளக்கு வெக்கக் கூடாது, செரி. நம்ம வண்டியில வெக்கக் கூடாதுன்னு அவரு சாமி சொல்லலையில்லங்க?"

நான் தொழிற்சாலைக்குப் போன் செய்து அரைநாள் விடுப்புச் சொன்னேன்.

புதன்கிழமை முதல் வேலையாக, இருட்டோடு இருட்டாகக் காரை எடுத்துக்கொண்டு ஜோனஸின் பண்ணை முனைக்குப் போய் நின்றோம். அவர் தனியாக வந்தார். வண்டி சாலையில் ஏறியதும் பின்னால் சேர்ந்துகொண்டு, நான்கு பக்க இன்டிகேட்டரையும் போட்டேன். பனிமூட்டத்தில் அந்தக் கறுப்பு வண்டி மஞ்சளாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். அணைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வாருங்கள்" என்றார். "தன் நிழலைப் பார்த்துக் குதிரை மிரள்கிறது."

தள்ளிப் போனேன். எங்களுக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முன்னால், விளக்கு வேண்டாம் என்று சொல்வதற்காகப் போய்க்கொண்டிருந்த ஜோனஸ், நடுவில் விளக்கைப் போட்டுக்கொண்டு மல்லிகாவும் நானும். நீதிமன்ற வாசல்வரை ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.