பிள்ளைக் காம்பராவின் பூட்டு

அந்த மழைக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் மண் சரிந்து, நாங்கள் குடியிருந்த லய வரிசையின் கடைசி இரண்டு காம்பராக்களை மூடியது. அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து மூன்று நிர்வாக நிபுணர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஆபத்துக் காலத்தில் மக்களை எப்படி நடத்துவது என்று சீமையில் படித்தவர்களாம். துரை பங்களாவில் இரண்டு நாள் வரைபடம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லயத்துப் பக்கம் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவர்களுடைய திட்டத்தை வாசித்தார். மலை அசைந்தால் தப்புப் பறை அடிப்பார்கள். எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும்.

ஒத்திகைக்குத் தப்பு அடித்ததும் கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். களத்துக்கு அல்ல, பிள்ளைக் காம்பராவுக்கு. கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுகிறவள் வேறு எங்கே ஓடுவாள்? என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

இதிலிருந்து அந்த மேதாவிகள் கண்டுபிடித்தது, பெண்களுக்கு ஒழுங்கு போதாது என்பதைத்தான். புது விதி வந்தது. தப்பு அடித்ததும் ஆபீஸ் ஆள் வந்து, ஆயாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்க, பிள்ளைக் காம்பராவை வெளியே பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கல் கட்டடம், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதாம். பேர் கொடுத்த பிறகு தாய்மார் வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டடத்துக்கு மேலேதான் மண் ஊறிக் கிடக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"படிச்சவங்க போட்ட சட்டம். ஒனக்கு என்னா தெரியும்?" என்றார்.

அடுத்த மாதமே ஒரு முற்பகலில் நிஜமாகவே தப்பு அடித்தது. ஓடிப் போனால் கதவில் பூட்டு. உள்ளே ஆயாவும் பிள்ளைகளும் அலறினார்கள். சுவரோரம் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த கவ்வாத்து மலையிலிருந்து என் புருஷன் கத்தியும் கையுமாக வந்தார். பூட்டில் கை வைத்தால் பேர் வெட்டுவார்கள், அன்றைய கூலி போய்விடும் என்று யாரோ தயங்கினார்கள்.

"வெட்டிட்டுப் போகட்டும். நீங்க நெம்புங்க," என்றேன்.

பூட்டு தெறித்தது. ஆளுக்கு இரண்டு பிள்ளையாக அள்ளிக்கொண்டு எதிர்மேட்டில் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. தொட்டில் சேலைகள் மண்ணுக்குள் கிடந்தன.

நிபுணர்கள் மறுபடி வந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை, திட்டம் வெற்றி என்று எழுதிக்கொண்டு போனார்களாம். பூட்டை உடைத்த எங்களுக்குப் பேர் வெட்டினார்கள். புதிய பிள்ளைக் காம்பரா எழும்பியதும் முதலில் வந்து சேர்ந்தது பூட்டுதான், பழையதைவிடப் பெரியது. அன்று முதல் ஒரு பழைய கவ்வாத்துக் கத்தியைக் கூடைக்குள் போட்டுக்கொண்டுதான் நான் கொழுந்தெடுக்கப் போனேன்.