மரபு ரீதியான சோயா

சத்துமாவுக்குச் சோயா வறுப்பது பொறுமை கேட்கும் வேலை. கொஞ்சம் கூடினால் கசக்கும். குறைந்தால் பச்சை மணம் போகாது. அதனால் அன்றைக்கு அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றைத் திறந்தபோது நான் தாச்சியை விட்டு எழும்பவில்லை. "உள்ளை வாங்கோ பிள்ளை, வறுத்துப்போட்டு வாறன்" என்று குசினியிலிருந்தே குரல் கொடுத்தேன்.

நல்லூரில் ஒரு ரியூசனில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் அவள். குழந்தைக்குச் சாப்பாடு தீத்தத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம்தான் சத்துமா வாங்கினாள். முதல்முறை வந்தபோதே, "அக்கா, உதிலை மரபணு மாத்தின சாமான் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டவள். வேறு தாய்மாரும் அப்படிக் கேட்கத் தொடங்கவே, நான் விற்கும் ஒவ்வொரு பைக்கற்றிலும் அச்சடித்து ஒட்டினேன்: 'மரபணு மாற்றிய தானியம் எதுவும் சேர்க்கப்படவில்லை.' அது நான் கொடுத்த வாக்கு. கொக்குவிலில் என் வீட்டுக் குசினியில் நடக்கும் சின்ன வியாபாரத்துக்கு அந்த வாக்கைத் தவிர வேறு முதல் கிடையாது.

அவள் குசினி வாசலில், சோயாப் பைக்குப் பக்கத்தில் நின்றாள். கொழும்புக் கம்பனி ஒன்று வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கும் சோயா. பையில் மூன்று மொழியிலும் லேபிள் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, உதை வாசிச்சனீங்களோ?"

"வாசிக்காமல் வாங்குவனே? மரபு ரீதியான சோயா எண்டு போட்டிருக்கு. அதுக்காகத்தானே தேடி வாங்கிறனான்."

"தமிழிலை அப்பிடித்தான் கிடக்கு. இங்கிலீஷிலை மரபணு ரீதியாக மாற்றப்பட்ட சோயா எண்டெல்லோ கிடக்கு."

நான் எழும்பி வந்து பார்த்தேன். ஐயோ, உண்மைதான். அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல, பொடி எழுத்தில். ஓர் 'அணு'வும் ஒரு 'மாற்ற'மும் தமிழுக்கு வரும் வழியில் விழுந்துபோய்விட்டன. எந்த அறுவான் விழுத்தினானோ தெரியாது. பாரம்பரிய உணவு என்று நான் நம்பி அரைத்து, அவள் நம்பித் தீத்தி, குழந்தை வாயைத் திறந்து விழுங்கி, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

"இங்கிலீஷையும் ஒருக்காப் பாத்திருக்கலாமே அக்கா" என்றாள். கையில் எடுத்திருந்த பைக்கற்றை மேசையில் வைத்தாள். "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தாச்சியில் சோயா கருகிக் கிடந்தது.

ஏன் பார்க்க வேண்டும்? என் மொழியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, அது உண்மையா என்று இன்னொரு மொழியில் போய் விசாரிக்க வேண்டுமோ? அப்படியென்றால் இந்தக் கண்டறியாத தமிழை எதற்கு அச்சடிக்கிறார்கள், பைக்கு அழகுக்கோ?

அடுத்த நாள் அச்சுவேலிச் சந்தையடிக்குப் போய், என் பைக்கற்றுகள் வைத்திருந்த கடையில் எல்லாவற்றையும் திருப்பி எடுத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கென்ன விசரே? உந்தத் துண்டையெல்லாம் ஆர் வாசிக்கினம்?"

"நான் வாசிச்சனான். அதாலைதான் இந்தக் கேடு" என்றேன். கோபம் வந்தால் எனக்கு அழுகையும் சேர்ந்தே வரும். அது இன்னும் கோபம்.

எங்களுக்குப் பழக்கமான டொக்டரிடமும் கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, பல நாடுகளில் சாப்பிடுகிறார்கள் என்றார். இருக்கட்டும். அது நஞ்சென்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கொடுப்பதா விடுவதா என்று யோசிக்க வேண்டியவள் அந்தத் தாய். அவளுக்காக யோசிக்கக் கம்பனிக்காரன் யார்? என்னைக் கொண்டே அவளைப் பேய்க்காட்டி ஏமாற்றினானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையிலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். கொழும்புத் தமிழில் ஒரு பொடியன் பணிவாகக் கதைத்தான். "அக்கா, சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் சரியாத்தானே இருக்கு."

"தம்பி, நான் தமிழிலையெல்லோ வாங்கினனான்!"

"டைப்பிங் மிஸ்டேக் அக்கா. திருத்திடுவோம்."

போனை மேசையில் படாரென்று வைத்தேன். பக்கத்திலிருந்து கேட்ட என் மனுசன், "ஒரு அணுதானேயப்பா விட்டுப்போச்சு, அதுக்கு அணுகுண்டு மாதிரி வெடிக்கிறாய்" என்று பகிடி விட்டார். அன்றிரவு அவருக்குச் சோறு கொடுத்தேன்; கதை கொடுக்கவில்லை.

திருத்தத்தான் செய்தார்கள். அடுத்து நான் சோயா வாங்கும் கடைக்கு வந்த பையைத் திருப்பிப் பார்த்தேன். சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. தமிழ் வரி இருந்த இடம் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. பிழையை எடுக்கச் சொன்னேன், கோதாரி விழுவார் தமிழையே எடுத்துவிட்டார்கள். மறுபடி போன் எடுத்தேன். அதே பொடியன், அதே பணிவு: "இப்ப பிழை ஒண்ணும் இல்லதானே அக்கா?" எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சோயாவை விட்டேன். பயறும் உழுந்தும் குரக்கனும் கூட்டி, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்ததை நானே போய்ப் பார்த்து வாங்கி, வறுத்து, மில்லில் என் கண்முன்னே அரைப்பித்தேன். புது லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது, எங்கே விளைந்தது என்று ஒன்றும் விடாமல் பெரிய எழுத்தில் அச்சடித்தேன். முதல் பைக்கற்றை எடுத்துக்கொண்டு நல்லூருக்கு, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

அவள் முகம் சுழிக்கவில்லை. இருத்தித் தேத்தண்ணி தந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து என் சீலையைப் பிடித்து இழுத்தது. பைக்கற்றை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"குறை நினையாதேங்கோ அக்கா. இப்ப நானே வீட்டிலை வறுத்து அரைக்கிறன்."

"இதிலை சோயா இல்லைப் பிள்ளை. எல்லாம் வடிவா எழுதியிருக்கிறன், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்."

அவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முந்தியும் எழுதித்தானே இருந்தது அக்கா."