அம்மன் பட்டில் துப்பாக்கிக் கண்ணாடிக்கு மூடி

கோயில் விஷயமாயிற்றே என்று பல வருடம் தயங்கிவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். மலாக்கா காஜா பெராங் தெருவில், பஸ் வரும்வரை ஒரு தையல் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். தையற்காரர் வேட்டைத் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தோல் மூடி தைக்கிறார். உள்ளே ஒட்ட அவர் வெட்டும் மஞ்சள் பட்டைப் பார்த்ததும் கிட்டே போகிறேன். எங்கள் மகளுக்கு அம்மை இறங்கியதும் என் மனைவி இங்குள்ள மாரியம்மனுக்குச் சாத்திய சேலை அது. முந்தானையில் அவள் நூலால் தைத்த வேப்பிலை அப்படியே இருக்கிறது.

“என்னங்க இது அநியாயம்?”

“பழசுன்னு கோயில்ல கொடுத்தாங்க அண்ணே. பட்டுன்னா கண்ணாடி கீறாது. அம்மன் பட்டுன்னா குறியும் தப்பாதுன்னு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கேட்டாரு லா.”

“உசிரக் காப்பாத்துனவகிட்டயா உசிர் எடுக்கக் குறி கேக்குறாரு? இந்தாங்க என் துண்டு, இதை வெட்டுங்க!”

மீதிப் பட்டைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டுகிறேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் இதே பட்டு வைத்துத் தைத்த முதல் மூடி காலையிலேயே துரையோடு காட்டுக்குப் போய்விட்டதாம்.

அம்மனுக்குச் சேலை சாத்துகிறவர்களிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.