பெடலில் இருந்த கால்

எங்கள் காப்பெல் வீட்டு கராஜில் என் காருக்கு இடம் கிடையாது. அது வெளியே டெக்சாஸ் வெயிலில் காயும். உள்ளே, என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பிரிட்டிஷ் கார் ராஜா மாதிரி நிற்கும். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது, ஆனால் இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் மட்டும் இரண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும்; ஒன்று முந்திக்கொண்டால் இன்ஜின் உதறும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பேன். அவர் ரப்பர் டியூபைக் காதில் வைத்து, ஒவ்வொன்றும் காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டு, இரண்டையும் இணைக்கும் லிங்கேஜ் கம்பியைச் சரிசெய்வார். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று நான் கத்தினாலும் அந்தக் காதில் ஏறாது.

கீமோ முடிந்தபோது அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றார். மறுபடி அந்தக் காரை ஓட்டப்போகிறோம் என்ற நினைப்பில்தான் சிகிச்சை முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருந்தார். அதனால் இந்த முறை நான் பானெட் பக்கம் போனேன், அவர் சீட்டில் உட்கார்ந்தார்.

அவர் சொல்லச் சொல்ல, கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தினேன். இரண்டிலும் சத்தம் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருகினேன். கம்பிக்குத் துளி இடைவெளி விட்டு கிளாம்பை இறுக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. லேசாக மிதிக்கச் சொன்னேன்.

இன்ஜின் அலறியது. இடைவெளி போதவில்லை போலிருக்கிறது என்று அணைக்கச் சொல்லி, தளர்த்தி, மறுபடி பூட்டினேன். ஸ்டார்ட் செய்து மிதிக்கச் சொன்னால் மறுபடியும் அதே அலறல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"லேசாத்தானே மிதிக்கச் சொன்னேன்?"

"நான் இன்னும் மிதிக்கவே இல்லயேமா. லிங்கேஜ்தான் எங்கயோ ஸ்டிக் ஆகுது, பாரு."

கதவுப் பக்கம் வந்து குனிந்தேன். அவர் கால் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவரோ நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். லிங்கேஜ்தான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை. என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். பார்த்த பிறகுதான் கால் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்தது; எடுத்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து கையையும் எடுத்தார்.

"நீ கரெக்டாத்தான் செட் பண்ணியிருக்க," என்றார். "சாவிய நீயே வெச்சுக்கோ."

கல்யாணமான நாளிலிருந்து என் வேலையை அவர் குறை சொல்லாமல் பாராட்டியது அன்றுதான். நான் அங்கேயே, கராஜ் தரையில் உட்கார்ந்து அழுதேன்.