கத்திக்கல்லால் தேய்த்தவன்

என் நாத்தனார் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பட்டறையில்தான் வேலை. மூத்தவனைப் பட்டுக்கை என்பார்கள். காரணம் அவனிடம் இருந்த இரண்டு கற்கள். கண்ணாடி போல மட்டமாக இழைத்தவை. எண்ணெய் தடவிய இரும்பின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எங்கே பிசிறு தூக்கி நிற்கிறதோ அங்கே கிர்ரென்று பிடித்து அதை மட்டும் சீவும், நல்ல இரும்பைத் தொடாது. துணியில் சுற்றிப் பூட்டி வைப்பான். பெண்டாட்டியிடம்கூட அத்தனை பதவிசாக நடந்தவன் இல்லை.

இளையவன் இரும்பு வெட்டும் மில்லிங் மெஷின் ஓட்டினான். ஒரு வாரமாக அவன் வெட்டிய துண்டெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது. "நாளைக்கும் சாஞ்சுதுன்னா சோத்துப் பாத்திரத்த எடுத்துட்டுக் கிளம்பு" என்றுவிட்டார் முதலாளி. வீட்டில் பெண்டாட்டிக்கு எட்டு மாதம்.

மறுநாள் காலை மெஷின் மேடையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். ஓரத்தில் ஸ்பேனர் விழுந்த இடத்தில் மயிரிழை அளவுக்குப் பிசிறு. துண்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சாய்ந்திருக்கிறது. அண்ணனிடம் ஓடினான்.

"அண்ணே, கல்லக் கொஞ்சம் குடு. ரெண்டே இழுப்பு."

"உன் கைக்கு மம்பட்டிதான்டா லாயக்கு. போ, போ."

"அப்ப நீயே வந்து தேச்சு விடுண்ணே."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

முதலாளி வரும் நேரம். சாப்பாட்டுக் கொட்டகையில் கத்தி தீட்டும் கல் கிடந்தது. வருடக்கணக்காகக் கத்தி தீட்டி நடுவில் குழிந்த கல். வைத்தால் அதன் இரண்டு ஓரமும்தான் படும். அழுத்தித் தேய்த்தான். பிசிறு போனது. கூடவே மேடையில் இரண்டு கோடு ஆழமாக விழுந்தது.

முதலாளி வந்து பார்த்தார். சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வாசலில் வீசினார். மூடி தெரு வரைக்கும் உருண்டது.

அதற்குப் பிறகுதான் பட்டுக்கை பூட்டைத் திறந்தான். கோடுகளின் விளிம்பில் எழும்பியிருந்த பிசிறை மெதுவாகத் தேய்த்து எடுத்தான். சுற்றிலும் கூட்டம். "இதுக்குப் பேருதான் கை" என்றார் முதலாளி.

மண்ணிலிருந்து பாத்திரத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்த இளையவன் வாசலிலேயே நின்று கேட்டான். "அங்க பிசிறு இருக்குன்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

"ஸ்பேனர் விழுந்தப்பவே தெரியும். பக்கத்துலதானே நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மெஷினு உன்னுது, கண்ணும் உன்னுது. நான் எதுக்குச் சொல்லணும்?"

பிறகு எந்தப் பட்டறையும் இளையவனை உள்ளே விடவில்லை. அவனுக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். லாரிக்குக் கம்பி ஏற்றித்தான் குடும்பம் நடத்தினான்.

என் பேத்தி கல்யாணப் பந்தியில் புதுச் சம்பந்தியிடம் பட்டுக்கை அவனைக் காட்டினான். "என் தம்பிங்க. பேரு கத்திக்கல்லு. உங்க வீட்டு மேஜையில கை வைக்க விட்றாதீங்க, உழுதுருவான்."

பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இலைக்கு எதிரே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற இளையவன் பெண்டாட்டியும் சிரித்தாள்.