நாலு கட்டை

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருந்தார் என் மாமா, அம்மாவின் தம்பி. நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. ஞாயிறுதோறும் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். ஆனால் வெள்ளைக் கட்டைகளை விட்டு அவர் விரல் நகராது. அந்த ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை சுருதியிலேயே வாசிப்பார். ஏற்ற வேண்டுமென்றால் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கிக்கொள்வார்.

"சுருதிதான் மாறும் பிள்ள. எங்க ஆரம்பிச்சாலும் ச-வுக்கும் ரி-க்கும் உள்ள தூரம் மாறாது. பாட்டு அதே பாட்டுதான்" என்பார்.

எங்கள் சர்ச்சில் நாலு கட்டை உயரத்தில் பாடுகிறவர் ஒரே ஒருவர். அதே கம்பெனியில் செக்கிங் பார்த்த பொங்கலூர் அக்கா. அவர் எழுந்தாலே மாமாவின் விரல் பட்டனுக்குப் போய்விடும். அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று மாமா அம்மாவிடம் கேட்டதும், "நம்ம ஊரும் இல்ல, நம்ம ஆளும் இல்ல" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்ததும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்காவுக்கு வேறு மாப்பிள்ளையோடு அதே சர்ச்சில் கல்யாணம். வாசிக்க மாமாவை விட்டால் ஆள் இல்லை. எல்லாரும் எழுந்து பாடத் தொடங்கினோம். முதல் அடியே ஒருவருக்கும் எட்டவில்லை. ஆண்கள் பாதியில் முனகலுக்கு இறங்கினார்கள், பெண்களுக்குத் தொண்டை கம்மியது. கல்யாணத்துக்கு வந்திருந்த கம்பெனி முதலாளி, "ஏனுங்க, பாட்டு கூரை ஓட்டைப் பிச்சுட்டுப் போயிருமாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். அம்மாவுக்கு மானம் போயிற்று. "மாமாவ எறக்கச் சொல்லு, போ" என்று என்னைத் தள்ளினாள்.

"மாமா, நாலு கட்டையில இருக்கு. எறக்க மறந்துட்டீங்க."

"மறக்கல பிள்ள" என்றார். நிமிரவில்லை. கடைசிச் சரணம் வரை அப்படியே வாசித்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அக்காமேல்தான். அந்த உயரத்தில் பாட அவர் ஒருவரால்தான் முடியும். மாமாவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். முக்காட்டுக்குள் தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாரே தவிர, ஒரு வரி பாடவில்லை. பந்தியில் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நீங்களாவது பாடியிருக்கலாம்லக்கா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டு நின்னேன் கண்ணு."

கேட்டால் போதுமா, பாட வேண்டாமா என்று கையை உதறிவிட்டு, பாயசம் வாங்கப் போய்விட்டேன்.