பெருநாளில் வேலைக்குப் போனவர்

எங்கள் வீட்டுச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி எல்லாம் அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் வளர்ந்த எனக்கு, சிவப்பு என்றால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார் என்று பொருள்.

அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் இயந்திரம் பார்க்கும் வேலை. ஊரே விடுமுறையில் இருந்தாலும் அந்த இயந்திரம் நிற்கக்கூடாது. சீனர்களின் பெருநாளில் சீனருக்குப் பதிலாக நிற்பார், மலாய்க்காரர் பெருநாளில் மலாய்க்காரருக்குப் பதிலாக. தீபாவளிக்கு அவர்கள் இவருக்காக நிற்பதுதான் அங்கே வழக்கம். அப்பா அதைக் கேட்டு வாங்கியதே இல்லை. தீபாவளியன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டையை மடித்து வைத்துவிட்டுக் காக்கியை மாட்டிக்கொள்வார்.

"யாராச்சும் நிக்கணும் லா. அவங்க வீட்டுல பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்," என்பார்.

"இங்க இருக்கறது என்ன, பொம்மைங்களா?" என்று அம்மா கேட்பாள். அப்பா சிரித்துக்கொண்டே படியிறங்கிவிடுவார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு கால் வீங்கியது. சப்பாத்தின் பக்கவாட்டைக் கத்தியால் கீறிவிட்டுப் போட்டுக்கொண்டார். படியேறினால் மூச்சு வாங்கியது. வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டார். டாக்டர் ஒரு மாதம் ஓய்வு எழுதிக் கொடுத்த எம்சி சீட்டை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனார். அந்த வருஷத் தீபாவளிக்காவது வீட்டில் இருக்கவேண்டும் என்று அம்மா சத்தியம் வாங்கினாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், பகல் ஷிப்டில், இயந்திரத்தின் அருகிலேயே விழுந்து இறந்துபோனார்.

அவரோடு பல வருஷம் வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர், அலுவலகத்தில் முகவரி வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவையும் பிள்ளைகள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். தனக்கு யாருமில்லை என்றுதான் அப்பா அங்கே சொல்லியிருந்தாராம். பெருநாளில் தனியாகக் கிடப்பாரே என்று இரக்கப்பட்டுத்தான் எல்லோரும் தங்கள் ஷிப்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார்களாம்.

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக அவரிடம் பெயர் சொல்லச் சொன்னாள். என் முறை வந்தபோது என் பெயரை மட்டும் முணுமுணுத்தேன்.

"சொல்லுடி. அப்பா பேரையும் சேத்துச் சொல்லு."

சொன்னேன்.

வேலையில் நிற்பதற்காக எங்களை இல்லை என்றாரா, நாங்கள் இருப்பதே அவருக்கு மறந்துபோனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபமும் போகவில்லை. என் அடையாள அட்டையில், இந்த ஊர் வழக்கப்படி, இன்னாரின் மகள் என்று அவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. மருத்துவமனையில் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறேன். அப்பா ஒருநாளும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு தாதிப் பெண் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறாள்.